பதினாலாம் புள்ளியின் மதிய ஓய்வு

மே 11, ஞாயிறு

காலையில் ஜன்னல் விளிம்புகளைத் துடைத்தேன். மத்தியானம் மறுபடி துடைத்தேன். கோவில்பட்டியில் பிறந்து, கரிசல் புழுதியிலேயே வளர்ந்து, நிலவியலில் முனைவர் பட்டமும் வாங்கி, கடைசியில் வளைகுடாவுக்கு வந்து வேறொரு தேசத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் பாதி வேலைக்குச் சம்பளம் உண்டு.

சம்பளம் உள்ள பாதி இது. மார்ச் மாதம் நெடுஞ்சாலையில் திடீரென்று தூசு சுவர் மாதிரி எழும்பி, வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று மோதி, ஒன்பது பேர் செத்துப்போனார்கள். இந்தத் தூசு எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி அரசாங்கம் எங்கள் ஆய்வு மையத்துக்கு எழுதியது. செயற்கைக்கோள் கால் மணிக்கு ஒரு படம் அனுப்பும். அதில் தூசுக்கு மட்டும் ரோஜா நிறம் ஏற்றுவோம். பிறகு படங்களைப் பின்னோக்கி ஓட்டுவேன். நாட்டையே மூடிய ரோஜா நிறம் சுருங்கிச் சுருங்கி, ஏதோ ஒரு புள்ளிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்தப் புள்ளிதான் தூசு பிறந்த இடம்.

மேலதிகாரி டாக்டர் நூரா, இந்த ஊர்க்காரர். தினமும் வேலைக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். முதல் வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "இதில் உங்கள் அபிப்பிராயங்கள் நிறைய இருக்கின்றன. தூசு கொஞ்சமாகத்தான் இருக்கிறது," என்றார். அதனால் அபிப்பிராயங்களை இந்த நோட்டுக்கு மாற்றிவிட்டேன்.

மே 15, வியாழன்

இதுவரை இருபத்திரண்டு புள்ளிகள். வறண்ட ஏரிப்படுகை, ஆட்டு மந்தை மிதித்துப் பொடியாக்கிய நிலம், கைவிட்ட பண்ணை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். பதினாலாம் புள்ளிக்கு மட்டும் ஒரு வியாதி இருக்கிறது. ஆறு நாள் ஒழுங்காகத் தூசு கிளப்புகிறது. ஏழாம் நாள் கப்சிப். காற்று அப்படியேதான் இருக்கிறது.

என் கணக்கில் பிழை இருக்க வேண்டும். இரண்டு நாள் தேடினேன், அகப்படவில்லை. பிறகு எல்லோரும் செய்வதைச் செய்தேன். பிழை அடுத்தவனுடையது என்று முடிவுகட்டி, செயற்கைக்கோள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

இரவு சுரைக்காய்க் கூட்டு. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். சுரைக்காய்க்கு அதுவே பாராட்டு.

மே 20, செவ்வாய்

செயற்கைக்கோள்காரர்களிடமிருந்து பதில்: "எங்கள் கருவி வெள்ளிக்கிழமைகளிலும் இயங்குகிறது. வாழ்த்துகள்."

மே 23, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் சேவுகன் சாப்பிட வருவான். அவருடைய சைட்டில் சர்வேயருக்கு மட்டக்கோல் பிடிக்கிற பையன். பையன் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், முப்பத்து நாலு வயது, முதுகுளத்தூர்ப் பக்கம், இரண்டு பெண் பிள்ளைகள். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒவ்வொரு வாரமும் ஐந்து குப்பூஸ் ரொட்டி வாங்கி வருவான். நாங்கள் இரண்டு பேரும் குப்பூஸ் சாப்பிடுவதில்லை என்று மூன்று வருஷமாகச் சொல்கிறேன். "இருக்கட்டும்க்கா" என்பான். சனிக்கிழமை புறாக்களுக்குப் போடுவேன்.

அவர் மட்டன் வைத்தார். இரண்டு பேரும் பனியனோடு தரையில் உட்கார்ந்து எலும்பு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். "இந்த ஒரு நாளு இல்லன்னா செத்துருவோம்க்கா," என்றான் சேவுகன்.

கரண்டியோடு அப்படியே நின்றேன். ஏரிப்படுகைக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. ஆட்டுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாதது யார்?

உள்ளே போய்க் கணினியைத் திறந்து, பதினாலாம் புள்ளியின் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்துக்கு எனக்கு வழி தெரியும். போன வருஷம் அவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனபோது, டாக்ஸி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். புது நகரம் கட்டுவதற்காகப் பாலைவனத்தை மட்டம் செய்கிற ஒப்பந்தம். அவர்தான் தளப் பொறியாளர்.

திரும்பி வந்து சேவுகனுக்கு ரசம் ஊற்றினேன்.

மே 25, ஞாயிறு

பதினாலாம் புள்ளி மனித வேலை என்று டாக்டர் நூராவிடம் சொன்னேன். யாருடைய வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அவருக்கு ஒரே சந்தோஷம். அதாவது, இடது புருவம் கொஞ்சம் உயர்ந்தது. "ஜூன் ஒன்றிலிருந்து வெளிவேலைக்கு மதியத் தடை வருகிறது. பதினொன்று முதல் நான்கு வரை எவரும் வெயிலில் வேலை செய்யக்கூடாது. காற்றுக்கு அந்தத் தடை கிடையாது. மதியம் நிற்கிற புள்ளி எல்லாம் மனிதன். நிற்காத புள்ளி எல்லாம் இயற்கை," என்றார்.

அழகான யோசனை. அதையே விதியாகக் கணினிக்கு எழுதிக் கொடுத்தேன். இயற்கைப் புள்ளிகளை யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை, மணலை யார் தண்டிப்பது? மனிதப் புள்ளிகளுக்கு மட்டும் ஜூலைக் கடைசியில் நேரில் போக வேண்டும். "படம் ஊர்ப்பேச்சு மாதிரி. அங்கே நிற்கிற ஒரு ஆள் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி," என்பது டாக்டர் நூராவின் கட்சி.

ஜூன் 1, ஞாயிறு

சரியாகப் பதினொன்று. பதினாலாம் புள்ளி அணைந்தது. நாலரைக்கு மறுபடி எரிந்தது. ஏரிப்படுகைகள் மதியம் முழுக்கத் தூசு கக்கின. விதி வேலை செய்கிறது.

பன்னிரண்டு மணிக்கு அவரிடமிருந்து கைபேசியில் ஒரு படம். வரிசையாக நிற்கும் கிரேடர்கள், புல்டோசர்கள், ஒரு ஆள் கிடையாது. மாலையில் வந்ததும், "பாத்தியா? பதினோரு மணின்னா பதினோரு மணிதான். வேற கம்பெனில பன்னெண்டு வரைக்கும் இழுத்தடிக்கானுவ. நம்ம சைட்டுல அந்தச் சோலியே கிடையாது," என்றார்.

"பாத்தேன்," என்றேன். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்தும் பார்த்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் பெருமையாக இருந்தது, அதை எழுதிவைக்கிறேன். இந்த மனுஷனை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் செய்ததற்குச் செயற்கைக்கோள் ஆதாரம் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்.

ஜூன் 7, சனி

பெருநாள் விடுமுறை. பதினாலாம் புள்ளிக்கும்.

ஜூன் 19, வியாழன்

ராத்திரி ஒன்பதுக்குத்தான் வந்தார். கம்பெனியில் கூட்டமாம். ஆகஸ்ட் நடுவில் பெரிய மனிதர்கள் வந்து அடிக்கல் நாட்டுகிறார்கள். அதற்குள் மட்ட வேலை முடிய வேண்டும்.

"முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாது."

"சொன்னீங்களா?"

"போன வருஷம் முடியாதுன்னு சொன்னவன் இப்போ பாலக்காட்டுல பெயின்ட் கட வச்சிருக்கான்," என்றார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வேலை போனால் இங்கே வேறு வேலை கிடையாது, ஊரில் கேட்கவே வேண்டாம். என் விசா அவர் விசாவின் வாலில் தொங்குகிறது. அவர் போனால் நானும் என் இருபத்திரண்டு புள்ளிகளும் போக வேண்டியதுதான். வேலை போவதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அந்த நினைப்பு வருகிற அன்றைக்கு மட்டும் டிவியைச் சத்தமாக வைப்போம்.

ஜூன் 24, செவ்வாய்

சைட்டுக்கு மோர் கொண்டுபோக வேண்டுமாம். இரண்டு லிட்டர். "கடையிலதான் லபன்னு மோரு விக்கானே," என்றேன்.

"அதுல இஞ்சி இல்ல. பயலுவ கேக்கானுவ. உப்பு கொஞ்சம் தூக்கலா போடு."

ஜூன் 29, ஞாயிறு

பதினாலாம் புள்ளியில் பன்னிரண்டரைக்கு லேசாக ரோஜா நிறம். பக்கத்தில் வறண்ட ஏரிப்படுகை ஒன்று இருக்கிறது. காற்றாக இருக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

காற்று.

ஜூலை 3, வியாழன்

இப்போது மோர் இருபது லிட்டர் கேனில் போகிறது. வாளித் தயிராக வாங்குகிறேன். கடைக்காரர் எங்கே மெஸ் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். காலை நாலரைக்கு எழுந்து கடைந்து, இஞ்சி, பச்சைமிளகாய் தட்டிப் போட்டு, உப்பு போடுகிறேன். அவர் வாசலில் நின்று பார்க்கிறார். "இன்னும் கொஞ்சம் உப்பு," என்கிறார்.

பதினொன்றுக்கு வேலையை நிறுத்திவிட்டுக் குளிர்சாதனக் கொட்டகையில் படுத்துக்கொள்பவர்களுக்கு இவ்வளவு உப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் முகம் மூக்கிலிருந்து கீழே கறுத்துவிட்டது. மேலே தொப்பி போட்ட இடம் மட்டும் பழைய மாப்பிள்ளை நிறம். மதியச் சாப்பாட்டு டப்பா பிரிக்காமல் திரும்பி வருகிறது. முருங்கைக்காய் பிடிக்கவில்லையோ என்னவோ, மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

சேவுகன் வந்தான். குப்பூஸ் ஐந்து. கழுத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்திருந்தது. சோற்றை அளைந்துகொண்டே இருந்தான், தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தான்.

"மத்தியானம் படுக்குதியா, சேவுகா?" என்று கேட்டேன்.

அவன் முதலில் அவரைப் பார்த்தான். அவர் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுக்குறோம்க்கா. நல்லா படுக்குறோம். மோருதான்க்கா அமிர்தம், சாரு அவுக கையால ஊத்துவாக."

மறுசோறு வேண்டாம் என்றான். மூன்று வருஷத்தில் இது முதல் தடவை.

ஜூலை 10, வியாழன்

கணினி புதிதாகப் பட்டியல் போட்டது. விதி என்ன? மதியம் நின்றால் மனிதன், நிற்காவிட்டால் இயற்கை. பதினாலாம் புள்ளி இப்போது மதியம் நிற்பதில்லை. ஆகவே பதினாலாம் புள்ளி இயற்கை.

மூன்று முறை படித்தேன். ஜூன் ஒன்று முதல் சட்டத்தை மதித்தபோது மனிதன். மீற ஆரம்பித்ததும் மணலும் காற்றுமாக ஆகிவிட்டது. விதி டாக்டர் நூராவுடையது. எழுதியது நான். மாற்றியது கணினி. நான் எதையும் மாற்றவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேரில் பார்க்க வேண்டிய புள்ளிகளின் பட்டியலை டாக்டர் நூராவிடம் கொடுத்தேன். ஏழு இடங்கள். "பதினாலு எங்கே?" என்று கேட்டார்.

"இயற்கைக்குப் போய்விட்டது. பக்கத்தில் ஏரிப்படுகை இருக்கிறது," என்றேன். இரண்டும் உண்மை.

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளியன்று கொஞ்சம் குறைகிறது. மாதிரி போதாது." இது பொய். அபிப்பிராயம் என்று கூடச் சொல்ல முடியாது.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வெயில்.

ஜூலை 16, புதன்

அவர் ஏழு மணிக்கு வந்து, பேசாமல் குளியலறைக்குள் போய், தன் சட்டையைத் தானே துவைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறை. கொடியில் போட்டபோது பார்த்தேன், சோப்பு போகவில்லை. தோள்பட்டையில் மஞ்சளாக ஒரு கறை, மோர் வாடை.

"யாரும் வாந்தி எடுத்தாங்களா?" என்றேன்.

"தூக்கம் வருது, செண்பா," என்றார். ஆனால் தூங்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

சேவுகன் வரவில்லை. மூன்று பேருக்குப் பொங்கியிருந்தேன்.

"காய்ச்சலாம்," என்றார் அவர்.

புறாக்கள் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கும். கடைக்குப் போய் நானே குப்பூஸ் வாங்கி வந்தேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. அவருடைய ஃபோர்மேன் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து, நான்தான் எடுத்தேன் என்று தெரியாமல், "சார், சேவுகனுக்கு ரெண்டாவது டயாலிசிஸ் முடிஞ்சுது," என்றார்.

அவரைப் பார்த்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வெயில் தாக்கி, சிறுநீரகம் நின்றுபோயிருக்கிறது. திரும்ப வேலை செய்ய வாய்ப்பு உண்டு, நாளாகும் என்கிறார் டாக்டர். கையில் குழாய்கள். எங்களைப் பார்த்ததும் எழப்பார்த்தான்.

"எங்கே விழுந்தே?" என்று கேட்டேன்.

மறுபடி அவரைத்தான் பார்த்தான். "கேம்புலக்கா. படுத்திருந்தேன். அப்படியே என்னமோ ஆயிப்போச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் நெனப்பு இல்ல."

கம்பெனியும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பதினாறாம் தேதி, ஓய்வு நேரம், கேம்ப்பில். அதற்குக் கீழே யார் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 22, செவ்வாய்

பதினாறாம் தேதிப் படங்களை இன்று திறந்தேன். ஐந்து நாளாகத் திறக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்வதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அன்று மதியம் முழுக்க வடமேற்குக் காற்று ஒரே சீராக அடித்திருக்கிறது. ஏரிப்படுகைகள் எல்லாம் ஒரே சீராகத் தூசு கக்குகின்றன. பதினாலாம் புள்ளியும் கக்குகிறது. பன்னிரண்டு, பன்னிரண்டே கால், அரை, முக்கால், ஒன்று. ஒன்றே காலுக்கு நிற்கிறது. ஒன்றரைக்கு இல்லை. ஒன்றே முக்காலுக்கு இல்லை.

இரண்டு மணிக்கு மறுபடி ரோஜா நிறம்.

முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். மூன்று வெற்றுப் படங்கள். காற்று நிற்கவில்லை. காற்று நிற்காமல் தூசு நின்றால் அது இயற்கை இல்லை. எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். ஒருத்தன் விழுந்திருக்கிறான். தூக்கியிருக்கிறார்கள், வண்டி ஏற்றியிருக்கிறார்கள். அப்புறம் வேலையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள்.

நான் தினமும் நாலரைக்கு எழுந்து உப்புப் போட்டுக் கடைந்தேன். எல்லாம் தெரிந்துதான் கடைந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 23, புதன்

காலையில் மோர் கடையவில்லை. அவர் காலிக் கேனைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

மாலையில் சாப்பாட்டு மேஜையில் கணினியை வைத்து, படங்களை வரிசையாக ஓட்டினேன். அவர் பொறியாளர், விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று வெற்றுப் படங்களும் போனபிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றார்.

"மறுபடி ஆரம்பிக்கச் சொன்னது?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவன் கேம்புல விழுந்தான்னு எழுதுனது?"

"செண்பா, நான் எழுதலன்னா வேற ஒருத்தன் எழுதுவான். நான் இருந்தா மோராவது ஊத்துவேன்."

"உங்க மோரு அவன் கிட்னிக்குப் பத்தல," என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன், பக்கத்து வீட்டுப் பாகிஸ்தானிக் குழந்தை அழுகையை நிறுத்தியது.

பிறகு சாதாரணமாகத்தான் பேசினேன். பதினாலாம் புள்ளியை நாளைக்கு மனிதப் பட்டியலுக்கு மாற்றப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மதியம் வருவோம். அங்கே நிற்கிற ஒருத்தர் வாயால் சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

"என் வேலை போயிரும்."

"ஆமா. எனக்கும்."

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். டிவியைச் சத்தமாக வைக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

டாக்டர் நூராவிடம் மூன்று வெற்றுப் படங்களைக் காட்டினேன். பதிமூன்றாம் தேதி நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர் கத்துவாரோ என்று இருந்தது. எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார், எனக்கும்.

"என் விதியில் ஓட்டை இருந்திருக்கிறது," என்றார். "சட்டத்தை மதிப்பவனைப் பிடிக்கிறது. மீறுபவனை விட்டுவிடுகிறது. இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்."

"ஜூலை பத்தாம் தேதியே தெரியும்," என்றேன்.

"வேலைக் குறிப்பில் இல்லையே."

"வேறு நோட்டில் இருக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை பயணத்துக்குத் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரையும் அழைத்திருக்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டிக் கதவைத் திறந்ததும் வெப்பம் முகத்தில் அறைந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

கிரேடர்கள், புல்டோசர்கள், எல்லாம் ஜூன் ஒன்றாம் தேதிப் படத்தில் பார்த்த மாதிரியே வரிசையாக நின்றன. ஆட்கள் கொட்டகைக்குள் படுத்திருந்தார்கள். ஒரு தூசு இல்லை. இன்று நாங்கள் வருவது அவருக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். சொன்னது நான், காட்டிக்கொடுத்ததும் நான், இப்போது ஏமாந்ததும் நான்தான் என்று நினைத்தேன். அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

தொழிலாளர் துறை அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது," என்றார். அவருக்குச் சீக்கிரம் வண்டியில் ஏற வேண்டும் என்று இருந்தது. அதில் குற்றம் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து தொப்பி இல்லாமல் வந்தார். நெற்றி வெள்ளை, கன்னம் கறுப்பு. என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் நூரா பெயர் கேட்டார்.

"ஆவுடையப்பன். தளப் பொறியாளர்."

"இங்கே மதியம் வேலை நடக்கிறதா?"

கொட்டகை வாசலில் ஏழெட்டு முகங்கள் எட்டிப் பார்த்தன. அவர் திரும்பி அவர்களைப் பார்த்தார். அந்த நேரம் நான் பதினாலாம் புள்ளியின் மேல் நின்றுகொண்டிருந்தேன், ஒரு பிரார்த்தனையும் ஞாபகம் வரவில்லை.

"இன்றைக்கு நடக்கவில்லை. இன்றைக்குப் பதினொன்றுக்கு நிறுத்திவிட்டேன், கம்பெனியைக் கேட்கவில்லை," என்றார் ஆங்கிலத்தில். "நேற்று வரை நடந்தது. நாலு வாரமாக நடந்தது. பதினாறாம் தேதி ஒரு ஆள் விழுந்தார். கேம்ப்பில் இல்லை." கையை நீட்டி, மண்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். "அங்கே. மட்டக்கோலைப் பிடித்தபடி."

அதிகாரி வண்டியிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, எழுத ஆரம்பித்தார்.

"இவரை உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று டாக்டர் நூரா என்னிடம் கேட்டார். சாட்சியைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

"என் கணவர்," என்றேன்.

இடது புருவம் உயர்ந்தது. எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அவருக்கு வேலை போயிற்று. ஒரு மாத அவகாசம். என் ஒப்பந்தம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. டாக்டர் நூரா பரிந்துரைக் கடிதம் கொடுத்தார், அதில் "துல்லியமானவர், சில சமயம் தாமதமாக" என்று எழுதியிருக்கிறார். மறுக்க முடியாது.

பதினாலாம் புள்ளியில் மதியத் தூசு இல்லை. தொழிலாளர் துறை வண்டி ஒன்று அங்கேயே நிற்கிறதாம். அடிக்கல் விழாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அவர் வெங்காயம் உரிக்கிறார். நன்றாக உரிக்கிறார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சேவுகன் வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி நாலு நாள் ஆகிறது. சிறுநீரகம் மெல்ல வேலை செய்கிறது, அடுத்த வாரம் ஊருக்குப் போகிறான். பாதி ஆளாகிவிட்டான். கையில் குப்பூஸ் ஐந்து.

உப்பில்லாமல் சமைத்திருந்தேன். அவர் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார், உட்காரவில்லை. "சாரு, நீங்களும் உக்காருங்க," என்று சேவுகன் மூன்று தடவை சொன்னான். "இருக்கட்டும்டே, நீ சாப்பிடு," என்று அவர் மூன்று தடவையும் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் நெனப்பில்லக்கா," என்றான் சேவுகன், சோற்றைப் பிசைந்துகொண்டே. "சாருதான் தோள்ல போட்டுத் தூக்குனாகளாம், பயலுக சொன்னாய்ங்க. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் விழுந்தப்ப வேலைய நிறுத்துனாகளா?"

"நிறுத்தினாங்க," என்றேன்.

"எம்புட்டு நேரம்?"

அவர் ரசப் பாத்திரத்தோடு வாசற்படியில் நின்றார். பதிலை அவருக்கு விட்டேன். இது படத்தைக் கேட்ட கேள்வி இல்லை.

"முக்கா மணி நேரம்," என்றார் அவர்.

சேவுகன் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அம்மாடி! முக்கா மணி நேரமா! அம்புட்டு வண்டியையுமா?" என்றான். "எனக்காகவா?"

அவர் ரசத்தைத் தரையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் திறந்தே இருந்தது.

நான் குப்பூஸ் ஒன்றை எடுத்து, பிய்த்து, ரசத்தில் நனைத்துச் சாப்பிட்டேன். ரசம் ஆறியிருந்தது.